குளிர்காலத்தில் நிறுத்திவைக்கும் டிராவல் டிரெய்லர்: கழிப்பறை உடையாமல் காப்பது எப்படி?

அமெரிக்காவின் மினசோட்டா, மிச்சிகன் மாதிரியான வட மாநிலங்களிலோ கனடாவிலோ வேலை பார்க்கிறீர்கள். வார இறுதிப் பயணங்களுக்காகப் பழைய டிராவல் டிரெய்லர் ஒன்றை வாங்கியிருக்கிறீர்கள். அக்டோபரோடு சீசன் முடிந்தது. டிரெய்லரை ஓரமாக நிறுத்திப் பூட்டிவிட்டு வந்தாயிற்று. இனி ஏப்ரலில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தால், ஒரு நிமிஷம் பொறுங்கள்.

ஏப்ரலில் தண்ணீர் இணைப்பைக் கொடுத்ததும் கழிப்பறைக்குப் பின்னாலிருந்து மெல்லக் கசிவு தொடங்கலாம். அது கண்ணில் படுவதற்குள் தரைப்பலகை ஊறியிருக்கும். டிரெய்லரின் தரை பெரும்பாலும் ஒட்டுப்பலகைதான், ஊறினால் இற்றுப்போகும். சின்ன வால்வு ஒன்றை மாற்றுவதோடு முடிய வேண்டிய வேலை, கழிப்பறையைக் கழற்றித் தரையையே மாற்றுவதில் போய் நிற்கும். இத்தனைக்கும் காரணம், ஜனவரியில் அந்த வால்வுக்குள் உறைந்துபோன இரண்டு ஸ்பூன் தண்ணீராக இருக்கலாம்.

உறைந்து உடைவதால் வரும் சேதத்தை டிரெய்லர் நிறுவனங்களின் வாரன்டி பொதுவாக ஏற்பதில்லை. ஆனால் தடுப்பது சுலபம். அரை நாள் வேலை, சில டாலர் செலவு. என்ன செய்ய வேண்டும், ஏன் செய்ய வேண்டும் என்பதை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

டிராவல் டிரெய்லர் என்றால் என்ன?

காருக்கோ பிக்கப் டிரக்குக்கோ பின்னால் மாட்டி இழுத்துச்செல்லும் சிறு வீடுதான் டிராவல் டிரெய்லர். கட்டில், அடுப்பு, ஃப்ரிட்ஜ், குளியலறை, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும். தனி இன்ஜின் கிடையாது. இன்ஜினோடு வரும் மோட்டார் ஹோமையும் இதையும் சேர்த்து அமெரிக்காவில் 'ஆர்வி' என்பார்கள். இண்டியானா மாநிலத்தின் எல்கார்ட் நகரமும் அதன் சுற்றுவட்டாரமும்தான் இந்தத் தொழிலின் தலைநகரம்.

வண்டிக்குள் கழிப்பறை என்பது புதிய யோசனை இல்லை. 1910-ல் நியூயார்க்கில் பியர்ஸ்-ஏரோ நிறுவனம் காட்சிக்கு வைத்த 'டூரிங் லேண்டோ' வண்டியிலேயே மலப்பானை இருந்தது. ஆனால் அது வெறும் பானை. உறைந்து உடைய அதில் குழாய் இல்லை. வண்டிக் கழிப்பறைக்குத் தண்ணீர்க் குழாய் வந்த பிறகு வந்ததுதான் இந்தத் தலைவலி.

கழிப்பறை எப்படி வேலை செய்கிறது?

டிரெய்லருக்குள் மூன்று வகைத் தொட்டிகள் இருக்கும். நல்ல தண்ணீருக்கு ஒன்று. சிங்க், குளியல் தண்ணீர் போய்ச் சேரும் 'கிரே டேங்க்' இன்னொன்று. கழிப்பறைக்கு நேர் கீழே இருப்பது 'பிளாக் டேங்க்'. இதன் கொள்ளளவு பொதுவாக 30 முதல் 40 காலன், அதாவது ஏறத்தாழ 115 முதல் 150 லிட்டர்.

வீட்டுக் கழிப்பறையில் இருப்பதுபோல வளைவுக் குழாயில் தண்ணீர் நின்று நாற்றத்தைத் தடுக்கும் ஏற்பாடு இங்கே இல்லை. கிண்ணத்தின் அடியில் திறந்து மூடும் ஒரு தடுப்பு இருக்கும். காலால் பெடலை அழுத்தினால் தடுப்பு திறக்கும், கழிவு நேராகத் தொட்டிக்குள் விழும். பெடலை விட்டால் மூடிக்கொள்ளும். தடுப்பைச் சுற்றி ஒரு ரப்பர் சீல். கிண்ணத்தில் எப்போதும் நிற்கும் கொஞ்சம் தண்ணீர் அந்த சீலை ஈரமாக வைத்திருக்கும், நாற்றமும் மேலே வராது.

கிண்ணத்துக்குத் தண்ணீர் வருவது பின்னால் இருக்கும் ஒரு பிளாஸ்டிக் வால்வு வழியாக. கழிவு வெளியேறுவது வண்டிக்கு அடியில் இருக்கும் இழுப்பு வால்வு வழியாக. இந்த வால்வுகளையும் ரப்பர் சீலையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். குளிர்காலப் பராமரிப்பு முழுவதும் இவற்றைச் சுற்றித்தான்.

குளிரில் உடைவது எது?

குளிர் மட்டும் எதையும் உடைப்பதில்லை. உள்ளே மிச்சமிருக்கும் தண்ணீர்தான் உடைக்கிறது. தண்ணீர் உறையும்போது அதன் கன அளவு சுமார் 9 சதவீதம் கூடும். திறந்த பாத்திரத்தில் இருந்தால் மேலே எழும்பிவிடும். மூடிய வால்வுக்குள் இருந்தால் போக இடமில்லை, சுவரைத்தான் தள்ளும். பிளாஸ்டிக் விரிசல் விடும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. விரிசல் விழும்போது உங்களுக்குத் தெரியாது. விரிசலை அடைத்துக்கொண்டு பனிக்கட்டியே நிற்கும். வெயில் வந்து உருகி, பைப்பில் அழுத்தம் ஏறும்போதுதான் கசியும். அதனால்தான் ஜனவரியில் நடந்த சேதம் ஏப்ரலில் தெரிகிறது.

நம்ம ஊட்டியிலும் சில இரவுகளில் வெப்பநிலை பூஜ்ஜியத்தைத் தொடுகிறதே, அங்கே பைப் உடைவதில்லையே என்று கேட்கலாம். அங்கே அது விடியற்காலைச் சில மணி நேர விஷயம்; வெயில் வந்ததும் ஏறிவிடும். மினசோட்டாவில் வாரக்கணக்கில் பகலிலும் பூஜ்ஜியத்தைத் தாண்டாது. ஹீட்டர் ஓடாத டிரெய்லரின் உள்ளேயும் வெளியேயும் ஒரே குளிர்தான். சுவருக்குள் மறைந்திருக்கும் பைப்பும் உறைந்துவிடும்.

எப்போது தொடங்குவது?

முதல் கடும் உறைபனிக்கு முன்பே முடித்துவிட வேண்டும். இரவு வெப்பநிலை 0 டிகிரி செல்சியஸுக்கு, அதாவது 32 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே சில மணி நேரம் நிற்கும் என்று வானிலை முன்னறிவிப்பு சொன்னால், தள்ளிப்போடாதீங்க.

இன்னொரு காரணமும் இருக்கிறது. வட மாநிலங்களில் பல முகாம் மைதானங்கள் இலையுதிர் காலத்திலேயே தண்ணீர் இணைப்பை நிறுத்திவிடும். கழிவு கொட்டும் நிலையங்களும் மூடப்படும். தாமதித்தால், நிறைந்த தொட்டியோடு திண்டாட வேண்டியதுதான். கண்ட இடத்தில் கொட்டுவது சட்டப்படி குற்றம்.

முதல் வேலை: பிளாக் டேங்கைக் காலி செய்வது

குளிர்காலம் முழுக்கக் கழிவைத் தொட்டியில் விட்டுவைக்கக் கூடாது. உறைந்தால் அந்தக் கட்டி தொட்டியையும் இழுப்பு வால்வையும் சேதப்படுத்தலாம். உறையாவிட்டாலும் காய்ந்து அடியில் ஒட்டிக்கொள்ளும். பிறகு சுரண்டவே முடியாது.

கையுறை போட்டுக்கொள்ளுங்கள். கழிவு நிலையத்தில் முதலில் பிளாக் டேங்க் வால்வைத் திறங்கள், பிறகு கிரே டேங்கை. சோப்புத் தண்ணீர் கடைசியில் வருவதால் ஹோஸையும் கழுவிக்கொண்டு போகும். பிளாக் டேங்க் மூன்றில் இரண்டு பங்காவது நிறைந்திருந்தால் வேகமாகப் பாய்ந்து, திடக்கழிவையும் இழுத்துச்செல்லும். குறைவாக இருந்தால் தண்ணீர் சேர்த்துவிட்டுத் திறங்கள்.

ஒருமுறை காலி செய்தால் போதாது. மறுபடி தண்ணீர் நிரப்பி, மறுபடி காலி செய்யுங்கள். வெளியே வருவது தெளிவாக வரும் வரை இதுதான் வேலை. இதற்குப் பயன்படுத்தும் ஹோஸும் குடிநீர் ஹோஸும் ஒன்றாக இருக்கவே கூடாது.

சீசன் நேரத்தில் பிளாக் டேங்க் வால்வைத் திறந்தே வைத்திருக்கும் பழக்கம் இருந்தால் இப்போது தெரிந்துவிடும். திரவம் மட்டும் வடிந்து, திடக்கழிவு கிண்ணத்துக்கு நேர் கீழே கோபுரம்போலக் குவிந்து இறுகியிருக்கும். அடுத்த சீசனிலாவது வால்வை மூடிவைத்து, நிறைந்த பிறகு திறங்கள்.

சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று பிளாக் டேங்கில் பிளீச் ஊற்ற வேண்டாம். சிறுநீரிலிருந்து உருவாகும் அம்மோனியாவோடு பிளீச் சேர்ந்தால் குளோரமின் வாயு உண்டாகும். மூடிய சிறு குளியலறையில் அதைச் சுவாசிப்பது ஆபத்து. ஃபார்மால்டிஹைட் கலந்த தொட்டி ரசாயனங்களும் வேண்டாம். கழிவைச் சிதைக்கும் பாக்டீரியாவையே அவை கொன்றுவிடும். கலிஃபோர்னியாவில் அவற்றுக்குத் தடையே இருக்கிறது.

இரண்டாவது வேலை: பைப்பிலிருந்து தண்ணீரை எடுப்பது

கழிப்பறை வால்வு மட்டும் தனியாக இல்லை. பம்ப், வாட்டர் ஹீட்டர், குழாய்கள் எல்லாவற்றோடும் இணைந்திருக்கிறது. எனவே முதலில் மொத்த அமைப்பையும் வடிக்க வேண்டும்.

வாட்டர் ஹீட்டரை அணைத்து, நன்றாக ஆறவிட்டு, அழுத்தத்தைத் திறந்துவிட்ட பிறகே அதன் அடைப்பைக் கழற்றுங்கள். சூட்டோடு கழற்றினால் கொதிநீர் பீய்ச்சும். நல்ல தண்ணீர்த் தொட்டியின் வடிகாலையும், பைப் அமைப்பின் மிகத் தாழ்வான இடத்தில் உள்ள வடிகால்களையும் திறந்துவிடுங்கள். எல்லாக் குழாய்களையும் திறங்கள். கழிப்பறைப் பெடலையும் அழுத்திப் பிடியுங்கள். பலரும் சிங்க், ஷவரோடு நிறுத்திவிடுவது இந்த இடத்தில்தான்.

இப்படி வடித்த பிறகும் வளைவுகளிலும் வால்வுகளிலும் கொஞ்சம் தண்ணீர் தங்கும். அதைச் சமாளிக்க இரண்டு வழிகள்.

ஒன்று, காற்று. கம்ப்ரசரை வெளியே உள்ள தண்ணீர் இணைப்பில் மாட்டி, ஒவ்வொரு குழாயாகத் திறந்து ஊதித் தள்ளுவது. அழுத்தம் 50 பிஎஸ்ஐயைத் தாண்டக் கூடாது. உங்கள் கையேடு அதைவிடக் குறைவாகச் சொன்னால் அதுதான் கணக்கு. கழிப்பறைப் பெடலை அழுத்திக்கொண்டு, துளி வருவது நின்று வெறும் காற்று வரும்வரை ஊதுங்கள்.

இரண்டு, ஆன்டிஃப்ரீஸ். உறைவதைத் தடுக்கும் திரவத்தை பம்ப் மூலம் எல்லாப் பைப்புகளிலும் நிரப்புவது. முதன்முறை செய்பவர்களுக்கு இது வசதி. திரவத்துக்கு நிறம் இருப்பதால், எங்கே போய்ச் சேர்ந்தது என்று கண்ணாலேயே பார்க்கலாம். கடும் குளிர் உள்ள இடங்களில் சிலர் இரண்டையும் செய்கிறார்கள்: முதலில் காற்று, பிறகு ஆன்டிஃப்ரீஸ்.

எந்த ஆன்டிஃப்ரீஸ் வாங்குவது?

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால், அது இதுவாக இருக்கட்டும்.

டிரெய்லர் பைப்புகளுக்கு வாங்க வேண்டியது 'ஆர்வி ஆன்டிஃப்ரீஸ்'. இதில் நல்லது புரோப்பிலீன் கிளைகால் அடிப்படையில் தயாரானது. பொதுவாக பிங்க் நிறத்தில், 1 காலன் கேனில் கிடைக்கும். கார் ரேடியேட்டருக்கு ஊற்றும் கூலன்ட் பெரும்பாலும் எத்திலீன் கிளைகால். பெயர் ஒன்றுபோல இருந்தாலும் அது விஷம். இனிப்புச் சுவை வேறு. அதனால் குழந்தைகளும் நாய்களும் நக்கிவிடும் ஆபத்து அதிகம். சிறிதளவே சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும். நீங்கள் குடிக்கவும் சமைக்கவும் பயன்படுத்தும் அதே பைப்பில்தான் இந்தத் திரவம் ஓடப்போகிறது என்பதை மறக்காதீங்க.

கிளைகால் என்ற சொல் நமக்குப் புதிதில்லை. 2025-ல் மத்தியப் பிரதேசத்தில் இருமல் மருந்து குடித்த குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தபோது செய்திகளில் அடிபட்டது, இதே குடும்பத்தைச் சேர்ந்த டைஎத்திலீன் கிளைகால். அந்த மருந்து காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. புரோப்பிலீன் கிளைகால் உணவிலும் மருந்திலும் அனுமதிக்கப்பட்ட பொருள்; அதன் உறவினர்களான மற்ற இரண்டும் உயிரைக் குடிப்பவை. பெயரின் முன்பாதியில்தான் எல்லாம் இருக்கிறது.

நிறத்தை நம்பி வாங்க வேண்டாம். சில ஜப்பானிய கார் நிறுவனங்களின் கூலன்ட்டும் பிங்க்தான். அதில் இருப்பது எத்திலீன் கிளைகால். கேனில் உள்ள லேபிளைப் படியுங்கள். எத்தனால் கலந்த மலிவு வகைகளும் உண்டு. அவை தீப்பற்றக்கூடியவை, ரப்பர் சீல்களை உலரவும் வைக்கலாம். விஷமற்றது என்று எழுதியிருந்தாலும் எந்தக் கேனையும் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். வீட்டில் பூனை இருந்தால் கூடுதல் கவனம். பூனை உணவில் புரோப்பிலீன் கிளைகாலைச் சேர்க்க அமெரிக்காவில் அனுமதி இல்லை.

லேபிளில் உள்ள 'மைனஸ் 50' என்ற எண்ணும் பலரைக் குழப்பும். மைனஸ் 50 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது சுமார் மைனஸ் 45 டிகிரி செல்சியஸ் வரை இது உறையவே உறையாது என்று அர்த்தம் இல்லை. அதற்கு வெகு முன்னாலேயே கூழ்போல ஆகத் தொடங்கும். ஆனால் தண்ணீரைப்போலக் கல்லாக இறுகிப் பைப்பைப் பிளக்காது. பைப் வெடிக்காத எல்லையைத்தான் அந்த எண் சொல்கிறது. கேனில் இருக்கும் திரவம் அப்படியே, தண்ணீர் கலக்காமல் இருந்தால்தான் அதுவும். பைப்பில் தண்ணீரை விட்டுவைத்து மேலே ஆன்டிஃப்ரீஸ் ஊற்றினால் கலவை நீர்த்து, லேபிளில் உள்ள எண் பொய்யாகிவிடும். அதனால்தான் முதலில் வடிப்பது, பிறகு நிரப்புவது என்ற வரிசை.

கழிப்பறைக்கு: படிப்படியாக

1. வாட்டர் ஹீட்டரின் பைபாஸ் வால்வைத் திருப்புங்கள். மறந்தால், 6 காலன் ஹீட்டரை நிரப்பவே 6 காலன் ஆன்டிஃப்ரீஸ் போய்விடும். பைபாஸ் செய்தால் சாதாரண டிரெய்லருக்கு 2 முதல் 3 காலன் போதும்.

2. திறந்துவைத்த வடிகால்களையும் குழாய்களையும் மூடுங்கள். பம்பின் உறிஞ்சு குழாயை நேராக ஆன்டிஃப்ரீஸ் கேனுக்குள் விடுங்கள். பெரும்பாலான டிரெய்லர்களில் இதற்கென்றே தனி வால்வு இருக்கும்.

3. பம்பை ஓடவிட்டு ஒவ்வொரு குழாயாகத் திறங்கள். குளிர்நீர், சுடுநீர் இரண்டிலும் பிங்க் நிறம் வர வேண்டும்.

4. கழிப்பறைக்கு வாருங்கள். பெடலை அழுத்தி, கிண்ணத்தைச் சுற்றிலும் தெளிவான பிங்க் நிறம் பாயும்வரை விடுங்கள். வெளிர்நிறமாக வந்தால் உள்ளே இன்னும் தண்ணீர் இருக்கிறது என்று பொருள். பல மாடல்களில் பெடலைப் பாதி அழுத்தினால் தண்ணீர் மட்டும் வரும், முழுதாக அழுத்தினால் அடித்தடுப்பும் திறக்கும். இரண்டு நிலையிலும் சோதியுங்கள்.

5. சுமார் 1 லிட்டர் ஆன்டிஃப்ரீஸைக் கிண்ணம் வழியாக பிளாக் டேங்குக்குள் விடுங்கள். அது தாழ்வான பக்கம் ஓடி, இழுப்பு வால்வில் தேங்கும் மிச்சத் தண்ணீரோடு கலந்து, அங்கே உறைந்து இறுகாமல் பார்த்துக்கொள்ளும்.

6. பெடலை விட்டு, கிண்ணத்தில் இரண்டு கப் ஆன்டிஃப்ரீஸை ஊற்றி அப்படியே விடுங்கள். ரப்பர் சீல் குளிர்காலம் முழுக்க ஈரமாக இருக்கும், நாற்றமும் வராது. சீல் உலர்ந்து விறைத்தால், வசந்தத்தில் கிண்ணத்தில் தண்ணீர் நிற்காது.

7. சிங்க், ஷவர் வடிகுழாய் வளைவுகளிலும் ஆளுக்கு ஒரு கப் ஊற்றுங்கள். பம்பை அணைத்து, ஒரு குழாயைத் திறந்து அழுத்தத்தை விடுவியுங்கள்.

8. இழுப்பு வால்வை மூடி, வெளி மூடியையும் இறுக்குங்கள். திறந்து கிடந்தால் எலிகளுக்குக் கதகதப்பான வாசல் அது.

கடைசியாக, கழிப்பறை மூடியில் 'பயன்படுத்த வேண்டாம்' என்று ஒரு சீட்டு ஒட்டுங்கள். நடுவில் யாராவது வந்து தண்ணீர் ஊற்றிவிட்டால் மொத்த வேலையும் வீண்.

பலரும் மறக்கும் இடங்கள்

ஹெல்த் ஃபாசெட்: இது நமக்கே உரிய மறதி. வெளிநாட்டிலும் கழிப்பறையில் ஹெல்த் ஃபாசெட் மாட்டிக்கொள்ளும் பழக்கம் நம்மவர்களிடம் அதிகம். டிரெய்லரில் மாட்டியிருந்தால் அதன் ஹோஸ், கைப்பிடி, இணைப்பு டி-வால்வு மூன்றிலும் தண்ணீர் நிற்கும். பிங்க் வரும்வரை அதையும் பீய்ச்சுங்கள். இல்லையென்றால் கழற்றி, வடித்து, வீட்டுக்கே கொண்டுபோய்விடுங்கள்.

பிளாக் டேங்க் கழுவும் இணைப்பு: சில டிரெய்லர்களில் தொட்டியை உள்ளிருந்து கழுவ வெளிச்சுவரில் தனி இணைப்பு இருக்கும். இது பம்போடு சேராத தனிக் குழாய். நீங்கள் எத்தனை காலன் ஆன்டிஃப்ரீஸ் ஓட்டினாலும் இதற்குள் போகாது. சுவருக்குள் இருக்கும் இதன் பின்னோட்டத் தடுப்பு வால்வு உறைந்து வெடித்தால், தண்ணீர் சுவருக்குள்ளேயே கொட்டும். காற்றை ஊதித்தான் இதைக் காலி செய்ய வேண்டும்.

வெளிப்புற ஷவர்: டிரெய்லரின் பக்கவாட்டில் சிறு கதவுக்குப் பின்னால் இருக்கும். சுடுநீர், குளிர்நீர் இரண்டையும் திறந்து சோதியுங்கள்.

வெளித் தண்ணீர் இணைப்பு: ஹோஸ் மாட்டும் இடத்தில் ஒருவழி வால்வு உண்டு. அதன் வடிகட்டியைக் கழற்றி, நடுவில் உள்ள முனையை ஒரு குச்சியால் அழுத்தி மிச்சத் தண்ணீரை வடியுங்கள். முன்னதாக பம்பை அணைத்து, அழுத்தத்தை விடுவித்திருக்க வேண்டும்; இல்லாவிட்டால் முகத்தில் பீய்ச்சும்.

கேசட் டாய்லெட் என்றால்?

ஐரோப்பியக் கேரவன்களிலும் சிறிய கேம்பர் வேன்களிலும் பிளாக் டேங்க் இருக்காது. பெட்டிபோல வெளியே இழுக்கக்கூடிய, 20 லிட்டருக்கும் குறைவான சிறு தொட்டி இருக்கும். இதைக் குளிர்காலத்துக்குத் தயார்செய்வது இன்னும் சுலபம். பெட்டியைக் காலி செய்து, கழுவி, உலரவிடுங்கள். ஃப்ளஷ் தண்ணீருக்குத் தனித் தொட்டி இருந்தால் அதையும் முழுதாக வடியுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் இது நேர் எதிர். இங்கே பெட்டியின் தகட்டைத் திறந்தநிலையில் விட வேண்டும். மூடிவைத்தால் மாதக்கணக்கில் ரப்பர் சீல் தகட்டோடு ஒட்டிக்கொள்ளும். சீலுக்கு சிலிகான் அடிப்படையிலான மசகு மட்டும் தடவுங்கள். வாஸலினோ சமையல் எண்ணெயோ வேண்டாம். ரப்பர் உப்பிக் கெட்டுவிடும்.

நடுவில் ஒருநாள் தங்க நேர்ந்தால்?

டிசம்பர் விடுமுறையில் டிரெய்லரில் ஓர் இரவு தங்க ஆசை வரலாம். தங்கலாம், ஆனால் ஃப்ளஷ் செய்யக் கூடாது. ஒரு ஃப்ளஷ் போதும், வால்வுக்குள் மறுபடி தண்ணீர் வந்துவிடும். முகாம் மைதானத்தின் பொதுக் கழிப்பறையைப் பயன்படுத்துவது நல்லது. முடியாவிட்டால், பை போட்டுப் பயன்படுத்தும் சிறு கையடக்கக் கழிப்பறை கடைகளில் கிடைக்கும். அவசரத்துக்குக் கிண்ணத்தையே பயன்படுத்தினால், தண்ணீருக்குப் பதில் ஆன்டிஃப்ரீஸையே ஊற்றிவிடுங்கள். ஆனால் அந்தக் கழிவு வசந்தம்வரை தொட்டியில்தான் கிடக்கும்.

வசந்தத்தில் திறக்கும்போது

அவசரப்பட்டு முழு அழுத்தத்தில் தண்ணீரைத் திறக்க வேண்டாம். பைபாஸை இப்போதைக்கு அப்படியே விட்டு, நல்ல தண்ணீர்த் தொட்டியை நிரப்பி, பம்பை ஓடவிட்டுப் பிங்க் நிறம் போகும்வரை எல்லாக் குழாய்களையும் கழிப்பறையையும் ஓட்டுங்கள். வெளிவரும் திரவம் கிரே, பிளாக் தொட்டிகளில்தான் சேரும். கழிவு நிலையத்தில் கொட்டிவிடலாம். மண்ணிலோ மழைநீர் வடிகாலிலோ விட வேண்டாம். பிறகு ஹீட்டரின் அடைப்பை மாட்டி, பைபாஸை மாற்றி, ஹீட்டர் நிறைந்த பிறகே அதை இயக்குங்கள்.

குடிநீர் அமைப்பைக் கிருமி நீக்கம் செய்ய, 15 காலன் தண்ணீருக்கு கால் கப் சாதாரண வீட்டு பிளீச் என்பது பரவலாகச் சொல்லப்படும் அளவு. ஓர் இரவு வைத்திருந்து, வாசனை போகும்வரை அலசுங்கள். இது நல்ல தண்ணீர்த் தொட்டிக்கு மட்டும்.

பிறகு இரண்டு சின்னச் சோதனைகள். எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு பம்பை ஆனில் வையுங்கள். அழுத்தம் ஏறியதும் நின்றுவிட வேண்டும். யாரும் குழாயைத் திறக்காமலேயே சில நிமிஷங்களுக்கு ஒருமுறை பம்ப் தானாக ஓடினால், எங்கேயோ கசிகிறது. முதலில் பார்க்க வேண்டிய இடம் கழிப்பறையின் பின்பக்கம். ஒரு டிஷ்யூ பேப்பரை வால்வுக்குக் கீழே வைத்துப் பாருங்கள். அடுத்து, கிண்ணத்தில் தண்ணீர் நிரப்பி ஒரு மணி நேரம் காத்திருங்கள். தண்ணீர் இறங்கியிருந்தால் ரப்பர் சீலைச் சுத்தம் செய்ய வேண்டும், அல்லது மாற்ற வேண்டும். இரண்டுமே தரை ஊறுவதற்கு முன்னால் பிடிக்க வேண்டிய விஷயங்கள்.

இந்தியாவில் இந்தப் பிரச்சினை இல்லையா?

இருக்கிறது, இமயமலையில். லே நகரில் குளிர்காலத்தில் பல ஹோட்டல்கள் பைப்புகளை வடித்துவிட்டு, வாளியில்தான் தண்ணீர் தருகின்றன. லடாக் கிராம வீடுகளின் மரபுக் கழிப்பறையில் தண்ணீருக்கே வேலையில்லை. மேல்தளத்தில் ஒரு துளை, அருகில் மண் குவியல். பயன்படுத்திய பிறகு மண்ணைத் தள்ளிவிடுவார்கள். கீழ்தளத்தில் மக்கியது பிறகு வயலுக்கு எருவாகப் போகும். உறையத் தண்ணீர் இல்லை, உடையப் பைப் இல்லை.

ராணுவத்துக்கும் இதே சிக்கல் வந்தது. பனிமலைகளில் உள்ள வீரர்களின் கழிவு, அந்தக் குளிரில் மக்குவதே இல்லை. கடும் குளிரிலும் வேலை செய்யும் பாக்டீரியாவைக் கொண்டு டிஆர்டிஓ உருவாக்கிய உயிரிச் செரிமானத் தொட்டி அதற்கான விடை. இன்று நம் ரயில்களின் பயோ டாய்லெட்டுக்கு அடிப்படையும் அதுதான். 2025 ஜூன் மாதம் கட்ரா–ஸ்ரீநகர் இடையே ஓடத் தொடங்கிய வந்தே பாரத் ரயிலில், தண்ணீரும் பயோ டாய்லெட் தொட்டியும் உறையாமலிருக்க ஹீட்டர்களே பொருத்தப்பட்டிருக்கின்றன. ஓடும் ரயிலுக்கு மின்சாரம் இருக்கிறது. பூட்டிக் கிடக்கும் டிரெய்லருக்கு அது இல்லை.

கேரளா 2021-ல் கேரவன் சுற்றுலாக் கொள்கையை அறிவித்தது. பெங்களூரு, சென்னையிலிருந்து வாடகைக் கேம்பர் வேனில் நீண்ட பயணம் போவதும் இப்போது புதிதில்லை. மூணாறு, வயநாடு என்றால் கவலை வேண்டாம். ஆனால் குளிர்காலத்தில் ஸ்பிதியோ லடாக்கோ போகும் திட்டமிருந்தால், வண்டியை எடுப்பதற்கு முன் உரிமையாளரிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: கழிப்பறைத் தண்ணீரை முழுதாக வடிக்கும் வழி எங்கே இருக்கிறது? உறைந்து உடைந்தால் செலவு யாருடையது? இரண்டாவது கேள்விக்கான பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.